வக்கீல் நோட்டீஸ் வேறு, கோர்ட்டு சம்மன் வேறு

கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் போய், "உங்க மேல கேஸ் போடப் போறோம்" என்று போனும் நோட்டீஸுமாக வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கையில் பணம் இல்லாமல் கட்டாமல் போனதற்காக மட்டும் உங்களை யாரும் கைது செய்ய முடியாது. அது சிவில் விவகாரம். கொடுத்தவன் கேட்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம், டிக்ரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பு, வாங்கலாம், அவ்வளவுதான். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நிஜமாகவே கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் அதை ஒரு நாள்கூடச் சும்மா வைத்திருக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டலைப் பார்த்துத் தூக்கம் கெட்டு, அடுத்தவரிடம் மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். எல்லாம் ஓய்ந்தபின் ஒரு நாள் கோர்ட்டு ஊழியரான அமீனா கொண்டுவரும் காகிதத்தை, இதுவும் அதே மாதிரிதான் என்று நினைத்து ஓரம் போட்டுவிடுகிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், திருப்பூரில் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறார். அவருக்கு இந்தப் பிரச்சினை வந்தபோது கூடவே இருந்து, காகிதங்களை எல்லாம் உட்கார்ந்து படித்து, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். அண்ணன் சம்மதம் சொல்லித்தான் எழுதுகிறேன், "நாலு பேருக்குத் தெரியட்டும் கண்ணு, நாம பட்டது போதும்" என்றார்.

திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டில், ஆர்டர் கொடுக்கும் பார்ட்டியிடமிருந்து பில் பணம் வருவதற்கு மாதக்கணக்காகும், ஆனால் தைக்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். 2022ல் நூல் விலை தாறுமாறாக ஏறி, மே மாதம் ஊரே வேலைநிறுத்தம் செய்ததே, அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்கு ஆர்டர் குறைந்து, வர வேண்டிய பணமும் நின்றது. சனிக்கிழமைச் சம்பளத்துக்குத் தெரிந்த கடையில் கார்டைத் தேய்த்து, 2 சதவீதம் கமிஷன் கழித்துக்கொண்டு பணமாக வாங்கினார். அடுத்த மாதம் அந்தக் கார்டைக் கட்ட இன்னொரு கார்டு. இதை ஊரில் ரொட்டேஷன் என்பார்கள். பணம் வந்துகொண்டிருக்கும் வரை ரொட்டேஷன் ஓடும், ஒரு பார்ட்டி கைவிரித்தால் மொத்தமும் நின்றுவிடும். அவருக்கும் நின்றது. இரண்டு கார்டு, அதில் முதல் கார்டில் மட்டும் அசல் 1,80,000 ரூபாய்.

இந்த வட்டிக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பல கார்டுகளில் மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டித்தான் வட்டி, அதாவது வருடத்துக்கு 42 சதவீதம். ஒரு லட்சம் பாக்கி என்றால் மாத வட்டி 3,500. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 630. ஆக 4,130. நீங்கள் கஷ்டப்பட்டு 5,000 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது வெறும் 870 ரூபாய். மினிமம் டியூ என்று ஸ்டேட்மென்டில் போடும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே இருப்பவர்கள் வருடக்கணக்கில் கட்டியும் கடன் அப்படியே நிற்கிறதே என்று குழம்புவது இதனால்தான். இவ்வளவு வட்டி சட்டத்துக்கு உட்பட்டதா என்று அண்ணன் கேட்டார். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் சொல்லியிருந்தது, அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால் வட்டி அதிகம் என்ற ஒரு வாதத்தை மட்டும் நம்பிக் கோர்ட்டில் நிற்க முடியாது. ஆனால் கட்டாத கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டுவந்த கார்டு விதிகளில் இருக்கிறது. ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பார்த்தால் பேசுவதற்கு ஏதாவது கிடைக்கும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கட்டுவது நின்றதும் போன் ஆரம்பித்தது. முதலில் மரியாதையாக, அப்புறம் மரியாதை இல்லாமல். பிறகு ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அந்த நோட்டீஸ் வந்தது. மேலே தராசுப் படம், சிவப்பு எழுத்தில் "இறுதி எச்சரிக்கை", ஒரு வக்கீல் பெயர், டெல்லி முகவரி, கேஸ் நம்பர் மாதிரி ஒரு நீளமான எண். உள்ளே இந்திய தண்டனைச் சட்டம் 420, 406, காசோலைச் சட்டம் 138, எல்லாம் அடுக்கி, 48 மணி நேரத்தில் கட்டாவிட்டால் உள்ளூர்க் காவல் நிலையம் மூலம் வாரன்ட் என்று முடித்திருந்தார்கள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யூனிட்டுக்கே போகவில்லை. போலீஸ் வந்தால் தைக்கிற பெண்கள் முன்னால் அசிங்கமாகிவிடும் என்று வீட்டிலேயே இருந்தார்.

நான் போய் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் படித்தபோது கண்ணில் பட்டவை இவை. எந்தக் கோர்ட்டின் பெயரும் அதில் இல்லை. கோர்ட்டு முத்திரை இல்லை. வக்கீலின் பதிவு எண் இல்லை. கேஸ் நம்பர் என்று போட்டிருந்தது அந்த வசூல் நிறுவனத்தின் சொந்தக் கணக்கு எண். வக்கீல் நோட்டீஸ் என்பது, அது உண்மையான வக்கீல் அனுப்பியதாகவே இருந்தாலும், தன் கட்சிக்காரர் சார்பாக ஒருவர் எழுதும் கடிதம். அதற்குப் பின்னால் வழக்கு வரலாம், வராமலும் போகலாம். வாரன்ட் போடும் அதிகாரம் எந்த வக்கீலுக்கும் கிடையாது, எந்த வங்கிக்கும் கிடையாது.

420 விஷயத்தையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மோசடி வழக்கு நிற்க வேண்டுமானால் கடன் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். போலிச் சம்பளச் சான்றிதழ் கொடுத்துக் கார்டு வாங்கியிருந்தால் அது வேறு கதை. வருடக்கணக்கில் ஒழுங்காகக் கட்டிவந்து, தொழில் படுத்ததால் நிறுத்தியவர் மேல் அது ஒட்டாது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதற்குப் பிறகு நடந்ததற்கும் 420 என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதங்கள் எவ்வளவு யோசித்து எழுதப்படுகின்றன என்பதற்கு அதுவே போதும்.

138 மட்டும் கவனிக்க வேண்டியது. நீங்கள் கையெழுத்துப் போட்ட செக் வங்கியிடம் இருந்து, அது திரும்பியிருந்தால் அது கிரிமினல் வழக்காகும். ஆட்டோ டெபிட்டுக்கு ஒப்புதல் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினாலும் 2007ம் வருடத்துப் பணப் பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25வது பிரிவில் அதே மாதிரி வழக்குப் போட இடமிருக்கிறது. இரண்டிலும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, கட்டுவதற்கு 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதனால் கார்டுக்கு ஆட்டோ டெபிட் போட்டிருந்து கணக்கில் பணம் இருக்காது என்று தெரிந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அதை ரத்து செய்யுங்கள். செட்டில்மென்ட் பேசும்போது "தேதி போட்டு மூணு செக் குடுங்க சார்" என்று கேட்பார்கள். கையில் பணம் வரும் என்று உறுதியாகத் தெரியாமல் அந்த செக்குகளைக் கொடுக்காதீர்கள். சிவிலாக இருந்த கடனை நம் கையாலேயே கிரிமினல் ஆக்கிக் கொடுப்பது அதுதான். எங்கள் வக்கீல் இதை எத்தனை முறை சொன்னார் என்று கணக்கே இல்லை.

அண்ணிக்கு வேறு பயம். ஒரு ஏஜென்ட் போனில் "வீட்ல இருக்கற சாமான், நகை எல்லாம் ஜப்தி பண்ணுவோம்" என்று சொல்லியிருக்கிறான். அண்ணி என்னிடம் தனியாக வந்து, கழுத்தைத் தொட்டுக்கொண்டே, "தம்பி, தாலிக்கொடியையும் எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியாது. வக்கீலிடம் கேட்டபோது சிவில் நடைமுறைச் சட்டம் 60வது பிரிவை எடுத்துக் காட்டினார். டிக்ரி ஆனபிறகும்கூட எதையெல்லாம் ஜப்தி செய்யக்கூடாது என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, அப்புறம் மத வழக்கப்படி ஒரு பெண் தன்னைவிட்டுப் பிரிக்க முடியாத ஆபரணங்கள். 1908ல் எழுதிய சட்டம், அதில் தாலியைத் தொடக்கூடாது என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். ஆங்கிலம் முழுதாகப் புரியாவிட்டாலும் அதை அவர் இன்னும் போனில் வைத்திருக்கிறார். தவிர, கணவர் பெயரில் உள்ள கார்டுக்கு மனைவி பொறுப்பாக மாட்டார், அவர் பெயரில் உள்ள கணக்கையோ சொத்தையோ தொட முடியாது. அடமானம் எதுவும் இல்லாத கடன் என்பதால் டிக்ரி வாங்காமல் வீட்டு வாசலில் வந்து எதையும் தூக்கவும் முடியாது.

அதே பிரிவில் சம்பளத்துக்கும் கணக்கு இருக்கிறது. முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. 25,000 சம்பளம் என்றால் அதிகபட்சம் 8,000 வரை பிடிக்கலாம், அதுவும் கோர்ட்டு டிக்ரிக்கு அப்புறம். கூலித் தொழிலாளியின் கூலிக்கும், பிஎஃப் பணத்துக்கும், கைவினைஞரின் கருவிகளுக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. அண்ணனின் தையல் மெஷின்கள் இதில் வருமா என்று கேட்டோம். ஒரு டெய்லர் தான் தைத்துப் பிழைக்கும் மெஷினுக்கு வாதாடலாம், பத்து பேரை வைத்துத் தைக்கும் யூனிட்டுக்குக் கஷ்டம் என்றார் வக்கீல். சரி, எல்லாம் நமக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று சட்டத்துக்குக் கட்டாயமா என்ன.

டிக்ரி பணத்தைக் கட்டாதவரைச் சிறையில் வைக்கும் சிவில் சிறை என்று ஒன்று உண்டு என்பதும் உண்மை. ஆனால் 1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத் தவிர, இல்லாமையால் கட்டாதவரைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56வது பிரிவு சொல்கிறது.

இனி நிஜமாகவே பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். வங்கி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டால் உங்களுக்கு சம்மன் வரும், அமீனா மூலமாகவோ பதிவுத் தபாலிலோ. அதில் கோர்ட்டின் பெயர், வழக்கு எண், வருடம், ஆஜராக வேண்டிய தேதி, முத்திரை எல்லாம் இருக்கும். கூடவே வழக்கு மனுவின் நகலும் இருக்கும். சந்தேகம் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியிலோ தளத்திலோ மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள், வழக்கு பதிவாகியிருந்தால் அதில் தெரியும். அண்ணனிடம் வந்த அந்த நீளமான "கேஸ் நம்பரை" அதில் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அன்றைக்குத்தான் அவர் சாப்பிட்டார்.

சாதாரண வழக்கில் பதில் மனு போட 30 நாள், கோர்ட்டு அனுமதித்தால் 90 நாள் வரை. ஆனால் எழுத்து ஒப்பந்தம் உள்ள கடனுக்கு அதே சட்டத்தின் 37வது ஆணையின் கீழ் சுருக்க வழக்குப் போடவும் வழியுண்டு, அதில் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராவதாகத் தெரிவிக்க வேண்டும். பத்தே நாள். விட்டுவிட்டால் வங்கி சொன்ன தொகைக்கு அப்படியே தீர்ப்பாகிவிடும், அவர்கள் போட்ட அபராதம், கட்டணம், வட்டி எல்லாவற்றையும் சேர்த்து. நீங்கள் போய் நின்றால்தான் இந்தக் கணக்கு தப்பு, இவ்வளவு கட்டியிருக்கிறேன், இந்தக் கட்டணம் விதிப்படி இல்லை என்று சொல்ல முடியும். நீங்கள் வராமலே தீர்ப்பாகி, அதாவது எக்ஸ்பார்ட்டி ஆன பிறகு அதை உடைக்கவும் மனுப் போடலாம், 30 நாளுக்குள், தகுந்த காரணத்தோடு. ஆனால் அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பலர் போவதில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர 1987ம் வருடத்துச் சட்டத்தில் இடமிருக்கிறது, மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும். 15100க்கு போன் செய்தால் விவரம் சொல்வார்கள்.

கோர்ட்டு இல்லாமல் இன்னொரு வழியிலும் இப்போது வருகிறார்கள், ஆர்பிட்ரேஷன். வங்கியே டெல்லியிலோ மும்பையிலோ ஒரு நடுவரை நியமித்து, ஆன்லைனில் விசாரணை என்று மின்னஞ்சலில் ஒரு இணைப்பு அனுப்புவார்கள். அண்ணனின் இரண்டாவது கார்டுக்கு இப்படி வந்தது. இதை வாட்ஸ்அப் மிரட்டலோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் நடுவர் கொடுக்கும் தீர்ப்பும் கோர்ட்டு டிக்ரி மாதிரியே நிறைவேற்றப்படும். அதை எதிர்க்கக் கிடைப்பது 3 மாதம்தான். அதே சமயம், வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தானாகவே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் பதில் போடுங்கள். இந்த நடுவர் நியமனத்தை நான் ஏற்கவில்லை, எனக்குச் சம்மதம் கேட்கப்படவில்லை, ஒப்பந்த நகலும் முழு ஸ்டேட்மென்டும் வேண்டும் என்று நாலு வரி. நாங்கள் அப்படித்தான் போட்டோம். அதற்குப் பிறகு அந்த விசாரணை இணைப்பு வருவது நின்றது.

ஏஜென்டுகள் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். அண்ணனின் போனில் இருந்த யார் யாருக்கோ, துணி கொடுக்கும் பார்ட்டிக்குக்கூட, கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். தொழில் செய்கிறவனுக்குப் பேர்தான் முதல். அதைக் கெடுத்தால் கட்டுவதற்கு இருந்த வழியும் அடைபடுகிறது என்று யோசிக்க மாட்டார்களா? காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் கொண்டுவர வேண்டும். கேளுங்கள். நேரம், எண், பேசியது எல்லாவற்றையும் குறித்து வையுங்கள், பதிவு செய்யுங்கள். முதலில் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல், 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் வங்கிகள் மேலான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் புகார், கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் தமிழிலும் பேசலாம். அண்ணன் பேரில் நாங்கள் அனுப்பிய முதல் மின்னஞ்சலில் தேதி, நேரம், போன் எண்களை மட்டும் வரிசையாகப் போட்டோம், வேறு ஒரு வார்த்தை காட்டமாக இல்லை. பார்ட்டிகளுக்குப் போன் போவது அதோடு நின்றது.

இன்னொன்றையும் எழுதாமல் விட மனசில்லை. கடன் மிரட்டலுக்குப் பயந்து உயிரை விட்ட செய்திகளை நம் ஊர்ப் பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். அந்த இரண்டு நாள் அண்ணன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது எனக்கு அந்த நினைப்புத்தான். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ அப்படித் தோன்றினால் மனநல உதவி எண்களான 104க்கு அல்லது 14416க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும். வங்கி தன் கணக்கில் இதை வாராக்கடன் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அதற்கு ஈடாக ஒரு உயிரை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

காலக்கெடு பற்றிக் கேட்பவர்கள் நிறைய. 1963ம் வருடத்துக் காலவரம்புச் சட்டப்படி இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட 3 வருடம். அந்த 3 வருடத்துக்குள் கடனை எழுத்தில் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ, ஒரு பகுதி கட்டி அதற்கு உங்கள் கையெழுத்துச் சான்று இருந்தாலோ, கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். "சும்மா 500 ரூபா கட்டுங்க சார், ஃபைல் லைவ்ல இருக்கும்" என்று ஏஜென்ட் கெஞ்சுவதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம். 3 வருடம் ஒளிந்து ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. அண்ணனுக்கு அதில் விருப்பமும் இல்லை, "வாங்குனது நாம, குடுக்கத்தானே வேணும், முடிஞ்ச அளவு குடுப்போம்" என்றுதான் ஆரம்பத்திலிருந்தே சொன்னார். ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறோம், எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

முதல் கார்டு, சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் முடிந்தது. தேசிய லோக் அதாலத் நடக்கும் சனிக்கிழமைக்கு நோட்டீஸ் வந்தது. வழக்கே போடாத நிலையிலும் இப்படிக் கூப்பிடுவார்கள், போய்த்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, போனால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. நாங்கள் போனோம். நீதிமன்ற வளாகத்தில் வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு வங்கிக்காரரும் ஃபைல் கட்டோடு. எங்களைப் போலவே சட்டைப் பையில் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு நிறையப் பேர் நின்றார்கள். அண்ணன் ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தார்: மொத்தம் தேய்த்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, அதில் தாமதக் கட்டணமும் அதற்கு வரியும் எவ்வளவு, கட்டணத்தின்மேல் வட்டி போட்ட மாதங்கள் எவை. வங்கிக்காரர் கேட்டது 3,10,000. அந்தத் தாளைப் பார்த்ததும் அவர் பேச்சின் தொனி மாறியது, அண்ணன் அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை, ஒவ்வொரு வரியாகக் காட்டிக் கேட்டார். கடைசியில் 1,40,000, நாலு தவணை.

நாலு தவணை என்பதில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். வங்கிக்காரர் இரண்டே தவணை என்றால் இன்னும் 10,000 குறைப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். லோக் அதாலத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது, அதுவே டிக்ரி. ஒரு தவணை தவறினால் நேராக நிறைவேற்று மனுப் போடலாம். அங்கே குனிந்து கையெழுத்துப் போடும் அவசரத்தில் முடியாத தொகைக்கு ஒத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தேன், சங்கடமாக இருந்தது.

அந்த 1,40,000க்குப் பணம் எங்கிருந்து என்று வீட்டில் பெரிய பேச்சு. ஒரு உறவினர் வாரவட்டிக்கு ஆள் காட்டினார், அண்ணி ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். நகைக்கடன் பற்றி நான் நிறைய யோசித்தேன். பல வங்கிகளில் நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் நாலில் ஒரு பங்குகூட இல்லை, கணக்குப்படி அது லாபம். ஆனால் மாத வருமானம் திரும்ப வரும் என்று தெரிந்தால் மட்டுமே, இல்லாவிட்டால் கடனும் தீராது, நகையும் போகும். அண்ணன் ஓரமாகக் கிடந்த இரண்டு ஓவர்லாக் மெஷினை விற்றார், மீதிக்கு அண்ணியின் வளையலை வைத்தார்கள். யூனிட் அதற்குள் கொஞ்சம் எழுந்திருந்தது. நடுவில், "உங்க கடனை பாதியா குறைச்சுத் தரோம், மாசா மாசம் எங்களுக்குக் கட்டுங்க" என்று ஒரு கம்பெனியும் வந்தது. பணத்தை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, வங்கிக்குக் கட்டாமல் வைத்து, அப்புறம் பேரம் பேசுவார்களாம், அதற்குக் கட்டணம் தனி. நாமே நோட்டுத் தாளோடு போய்ப் பேசக்கூடியதற்கு ஏன் இன்னொருவர்?

லோக் அதாலத் இல்லாமல் நேரடியாக செட்டில்மென்ட் பேசுகிறவர்கள் ஒன்றை மட்டும் விடவே கூடாது. வங்கியின் லெட்டர்ஹெட்டில், கார்டு எண்ணின் கடைசி நாலு இலக்கம், ஒத்துக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி, அதற்கு மேல் பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம், இவை இல்லாமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். ஏஜென்டின் சொந்த ஜிபே எண்ணுக்குக் கட்டவே கட்டாதீர்கள். கட்டியபின் நோ டியூ சான்றிதழ் வாங்கி வையுங்கள். சில வருடம் கழித்து அதே கடனை வேறு ஒரு நிறுவனம் வாங்கிவிட்டோம் என்று சொல்லி மறுபடி கூப்பிடுவதுண்டு, அப்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

குறைத்துக் கட்டினால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும், "க்ளோஸ்டு" என்று விழாது. அது வருடக்கணக்கில் நிற்கும். வீட்டுக்கடன் வாங்க நினைப்பவருக்கு இது பெரிய விஷயம். அண்ணனுக்கு இப்போதைக்கு இல்லை. அவருக்கு அடுத்த சில வருடம் யாரும் கார்டு கொடுக்காமல் இருப்பதே நல்லது என்று அண்ணி சொன்னார், நானும் அதையே நினைக்கிறேன்.

இரண்டாவது கார்டு இன்னும் முடியவில்லை. போன வாரம்கூட ஒருவர் கூப்பிட்டு, 90,000 கட்டினால் முடித்துவிடலாம், இன்றைக்கே கடைசி நாள் என்றிருக்கிறார். அண்ணன், கடிதம் அனுப்புங்க, பார்த்துட்டு சொல்றேன் என்று வைத்துவிட்டார். இதுவரை கடிதம் வரவில்லை. வந்தால் உட்கார்ந்து படிப்போம்.